ஒன்றரை மணி வெயில்

வெயிலைப் பற்றிச் சஞ்சிகைக்கு ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் வகுப்புத் தோழி சிரித்துவிட்டாள். "அதுல என்ன புள்ள எழுதக் கிடக்கு? வெயில் அடிக்குது எண்டு எழுதி முற்றுப்புள்ளி வெக்கப் போறியா?"

அவள் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது. கிழக்குக் கரையோரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வெயில் புதினமான சங்கதி அல்ல. சித்திரை பிறந்தால் கொளுத்தும். வைகாசியில் கச்சான் எழும்பும். ஆவணி கழியும் வரை ஊர் வறண்டு கிடக்கும். உம்மம்மா காலத்திலும் இப்படித்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெயில் அல்லாஹ்வின் ஏற்பாடு, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பார்கள். முதற்பாதி உண்மை. இரண்டாம் பாதியோடுதான் எனக்கு வழக்கு. சூரியன் எப்போது உச்சிக்கு வர வேண்டும் என்பது நம் கையில் இல்லை. ஆனால் அது உச்சியில் நிற்கும் நேரத்தில் யாரை வெளியே அனுப்புவது, எந்தக் கூரையின் கீழ் இருத்துவது, அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் ஒதுங்க இடமும் வைப்பதா இல்லையா என்பதெல்லாம் மனிதர் செய்கின்ற ஏற்பாடுகள். மனிதர் செய்ததை மனிதர் மாற்றலாம். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் மட்டும் பொறுமையைக் கேட்பது சரியல்ல என்பதே என் கருத்து.

உயர்தரத்தில் புவியியல் படிப்பதால் நம் வெயிலைப் பற்றி இரண்டொரு விடயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். நமக்கு வருவது ஒரே வெயில் அல்ல, இரண்டு வெயில். ஏப்ரல் 5ஆம் திகதியளவில் தெற்கில் தொடங்கி 15ஆம் திகதியளவில் வடமுனை வரையில் சூரியன் நம் நாட்டின் நேர் உச்சியில் நகர்ந்து போகிறது. அந்த நாட்களில் காற்று அசையாது. ஈரப்பதன் கூடி நிற்கும். வியர்வை வழியும், ஆனால் காயாது. உடல் தன்னைக் குளிர்விக்கும் வழியே வியர்வை ஆவியாவதுதான் என்பதை ஒன்பதாம் தரப் பிள்ளையும் அறிவாள். அது காயாவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். நிழலில் வெப்பநிலை 32 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 70 வீதம் என்று வைத்துக்கொள்வோம். உடல் உணர்வதோ ஏறத்தாழ 41 பாகை. தொலைக்காட்சியில் "இன்று 32 பாகை" என்று கேட்டுவிட்டு "இது என்ன பெரிய வெயிலா?" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்பச் சுட்டெண் என்று எச்சரிக்கை விடுவது இந்த இரண்டாவது இலக்கத்தை வைத்துத்தான்.

மற்றது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கமும் இரத்தினபுரிப் பக்கமும் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைநாட்டைத் தாண்டி, ஈரம் இழந்த காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை மேற்கிலிருந்து அடுப்படிக் காங்கைபோல முகத்தில் அடிப்பது இதுதான். அது பலமாக வீசும் நாளில் கடற்காற்றும் கரையேறத் தயங்கும். கச்சான் நாளில் வியர்வை தெரியாது. வந்த உடனேயே காய்ந்துவிடும். அதுதான் அதில் உள்ள ஏமாற்று. உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் போனது என்பதே நமக்குத் தெரியாமல் போய், அஸருக்குப் பிறகு தலையிடி வந்த பிறகுதான் தெரியும்.

2024ஆம் ஆண்டு உலகில் அளவிடப்பட்ட ஆண்டுகளிலேயே அதிக வெப்பமான ஆண்டு என்று உலக வளிமண்டலவியல் அமைப்பு அறிவித்தது. ஆகவே உம்மம்மா காலத்து வெயில்தான் இது என்று சொல்லித் தப்பிக்கவும் இனி வழியில்லை.

இப்போது என் தலைப்புக்கு வருகிறேன். நம் நாட்டில் பாடசாலை காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. ஒன்றரை மணி! ஒரு நாளில் பிள்ளைகளை வீதிக்கு விடுவதற்கு இதைவிட மோசமான நேரத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. தார் வீதி காய்ந்து, மதில்கள் காய்ந்து, நிழலெல்லாம் சுருங்கி மரத்தடியோடு ஒட்டிக் கிடக்கும் நேரம் அது. ஐந்து கிலோ புத்தகப் பையோடு ஆறாம் தரத் தங்கை ஒருத்தி அந்த வெயிலில் நடந்து வீட்டுக்குப் போகிறாள். சரி, நாடு முழுவதற்குமான நேரசூசியை நாம் மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு நடப்பது என்ன? வீட்டுக்குப் போய், ளுஹரைத் தொழுது, இரண்டு வாய் சோறு சாப்பிட்டு, இரண்டரை மணிக்குப் பிரத்தியேக வகுப்புக்கு ஓடுகிறோம். இந்த நேரத்தை எந்த அமைச்சும் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தவர்கள் நாமேதான்.

எங்கள் ஊர் வகுப்புகளின் நேரங்களை ஒருமுறை எழுதிப் பார்த்தேன். ஆண் பிள்ளைகளின் வகுப்புகள் பெரும்பாலும் அஸருக்குப் பிறகு, நாலரைக்கோ ஐந்துக்கோ. பெண் பிள்ளைகளுக்கு இரண்டு, இரண்டரை. ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே தகரக் கொட்டகை. தகரம் பழுக்கக் காய்ந்திருக்கும் நேரம் எங்களுக்கு. அது ஆறி, காற்று வரும் நேரம் அவர்களுக்கு. யாரும் திட்டமிட்டு அநியாயம் செய்யவில்லை. "பொம்புளப் புள்ள மஃரிபுக்கு முந்தி ஊட்டுக்கு வந்துரணும்" என்பது எல்லா வீட்டிலும் உள்ள சட்டம். அந்தச் சட்டத்துக்குப் பயந்து வகுப்பு முன்னால் நகர்ந்து நகர்ந்து உச்சி வெயிலுக்குள் வந்து நிற்கிறது.

பெற்றோரின் அச்சம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. வீதி எப்படி இருக்கிறது என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இருட்டில் ஆபத்து இருக்கிறது என்று கணக்கெடுத்த நாம், வெயிலில் ஆபத்து இருக்கிறது என்று கணக்கெடுக்கவே இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தால் வழி கிடைக்கும். அஸரைத் தொழுதுவிட்டு மூன்றேமுக்காலுக்குத் தொடங்கினால் ஐந்தரைக்கு வகுப்பு முடிந்துவிடும். மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கும். சனி, ஞாயிறு என்றால் சுபஹுக்குப் பிறகு ஆறரை மணி வகுப்பு எவ்வளவு நல்லது! ஒரே ஒழுங்கையில் நான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், நான்கு வீட்டு வாப்பாமாரில் ஒருவர் ஒவ்வொரு நாளும் முறைவைத்துக் கூட்டி வரலாம். திருமண வீடுகளுக்கு இதைவிடச் சிக்கலான போக்குவரத்து ஒழுங்குகளை நம் வாப்பாமார் மிக இலேசாகச் செய்து முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"நேரத்தை மாற்றுவதா? வெயிலுக்குப் பயந்தா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் உண்டு. தொழுகையைவிடப் பெரிய கடமை நமக்கு எது? அந்தத் தொழுகையிலேயே வெயிலுக்கு இடம் இருக்கிறது. வெப்பம் கடுமையாகும்போது ளுஹர் தொழுகையைப் பிற்படுத்தி, வெப்பம் தணிந்த பின் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. ஒரு பயணத்தில் முஅத்தின் அதான் சொல்ல எழுந்தபோது நபியவர்கள் அவரைத் தாமதிக்கச் செய்தார்கள் என்றும், மணல் மேடுகளின் நிழல் நிலத்தில் தெரியும் வரை காத்திருந்தார்கள் என்றும் அபூதர் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதை எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று விரித்துச் சொல்வது உலமாக்களின் வேலை. எனக்கு அதிலிருந்து விளங்குவது இவ்வளவுதான்: வெயில் கடுமையாக இருக்கிறது, சற்றுப் பொறுத்துச் செய்வோம் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பகல் நேரத்துச் சிறு உறக்கமான கைலூலாவும் அந்தப் பாலைநிலத்து வாழ்வின் ஞானம்தான். நாம் அதைச் சோம்பல் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம்.

என் காக்கா கட்டாரில் கட்டட வேலை செய்கிறார். நம் ஊரில் பலருடைய காக்காமாரும் மாமாமாரும் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கக்கூடாது என்று 2021ஆம் ஆண்டிலிருந்து சட்டம் இருக்கிறது. வெயிலின் தாயகத்திலேயே வெயிலுக்கு வழிவிட்டு வேலையை நகர்த்தி வைத்திருக்கிறார்கள். அவர் அனுப்பும் காசில் படிக்கின்ற தங்கை மட்டும் இரண்டரை மணிக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடுகிறாள்!

நமது பாடசாலைகளுக்கும் நேரம் மாற்றுவது புதிதல்ல. ரமழானுக்காக முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்காட்டியே தனியாகப் போடப்படுகிறது. ஜும்ஆவுக்காக வெள்ளிக்கிழமை முன்கூட்டியே மணி அடிக்கிறது. ஆகவே இல்லமெய்வல்லுநர் போட்டிப் பயிற்சியைப் பன்னிரண்டு மணியிலிருந்து காலை ஏழரைக்கு நகர்த்துவதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. 2024இன் முற்பகுதியில் வெப்பம் கூடியபோது, மாணவர்களை வெளிக்கள நடவடிக்கைகளில் ஈடுபடுத்துவதைக் கட்டுப்படுத்துமாறு கல்வி அமைச்சே பாடசாலைகளுக்கு அறிவுறுத்தியது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஓர் அறிவுறுத்தல் வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மைதானத்தில் யாரும் பன்னிரண்டு மணிக்கு ஓடக்கூடாது என்பதைப் பாடசாலையின் நிரந்தர விதியாகவே எழுதி வைத்துவிடலாமே.

இனி எழுதப்போவது கொஞ்சம் கூச்சமான விடயம். ஆனால் இந்தக் கட்டுரையை எழுத நான் பேனாவை எடுத்ததே இதற்காகத்தான்.

தண்ணீர் குடியுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுவரில் படம் ஒட்டுகிறார்கள். காலைக் கூட்டத்தில் பேசுகிறார்கள். வீட்டிலிருந்து உம்மா ஒரு லீற்றர் போத்தலை நிரப்பித் தருகிறார். பிள்ளை பிற்பகலில் வீட்டுக்குக் கொண்டு வரும்போது அதில் முக்கால் போத்தல் அப்படியே இருக்கிறது. உம்மா ஏசுகிறார், பிள்ளை பேசாமல் நிற்கிறாள். அவள் ஏன் குடிக்கவில்லை என்று எந்த உம்மாவாவது கேட்டதுண்டா? குடித்தால் போக வேண்டும். போவதற்கு அவளுக்கு விருப்பமில்லை. விடயம் அவ்வளவுதான்.

தமிழ்மொழித் தினப் போட்டி, மீலாத் போட்டி, விவாதம் என்று நான் பல பாடசாலைகளுக்குப் போயிருக்கிறேன். ஒன்றின் பெயரையும் சொல்லத் தேவையில்லை. சொன்னால் மற்றப் பாடசாலைகள் தப்பித்துக்கொள்ளும். கொண்டி இல்லாத கதவுகள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். குழாயில் தண்ணீர் வரும், வாளி இருக்காது. வாளி இருந்தால் தண்ணீர் வராது. மாதத்தின் அந்த நாட்களில் எதையும் அகற்றிப் போட ஒரு மூடி வைத்த கூடைகூட இருக்காது. இடைவேளை இருபது நிமிடம். வரிசையில் நாற்பது பேர். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெண்பிள்ளை எடுக்கும் புத்திசாலித்தனமான முடிவு என்ன? காலையில் தேநீரோடு நிறுத்திக்கொண்டு, ஒன்றரை வரை வாயை நனைக்காமல் இருப்பதுதான். இப்படி ஆறு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், ஆறாம் தரத்திலிருந்து பதின்மூன்றாம் தரம் வரை.

வெயில் காலத்தில் தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கி வைத்திருந்தால் சிறுநீர்ப்பாதையில் கிருமித் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடும். தலையிடி, மயக்கம், படிப்பில் மனம் ஒட்டாமை எல்லாம் பின்னால் வரும். நாலாம் பாடவேளையில் தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். அவளுக்கு ஒருவேளை தேவைப்படுவது இரண்டு கோப்பைத் தண்ணீராக இருக்கலாம்.

ஆகவே பெற்றோரிடம் என் கோரிக்கை: பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது பெறுபேறு எத்தனை "ஏ" என்று கேட்பதோடு, மலசலகூடத்தின் கதவுக்குக் கொண்டி இருக்கிறதா என்றும் கேளுங்கள். மேடை கட்டவும் முகப்பு வாசல் கட்டவும் கொடை தரும் பழைய மாணவியர் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாசலில் பெயர் பொறித்த கல் வைக்கலாம், மலசலகூடத்தில் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் நன்மை எழுதப்படும் இடத்தில் அந்த வித்தியாசம் பார்க்கப்படாது என்று நம்புகிறேன். குடிக்கின்ற தண்ணீருக்கு விலையுயர்ந்த இயந்திரமும் கட்டாயம் இல்லை. வகுப்புக்கு ஒரு மண்பானை, அதற்கு மூடி, ஒரு அகப்பை போதும். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகித்தான் உள்ளே இருப்பது குளிர்கிறது. ஆகவே ஏப்ரல் புழுக்கத்தைவிடக் கச்சான் காலத்தில் பானை இன்னும் நன்றாக வேலை செய்யும். நம்மைச் சுடுகிற அதே காற்று பானையைக் குளிர்விக்கிறது.

உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் வெயில் என்ற பேச்சு வந்தாலே வெளியார் சிலர் முதலில் பார்ப்பது நம் பர்தாவைத்தான். "இவ்வளவு மூடினால் வேகாதா?" என்பார்கள். 1980இல் நேச்சர் என்ற விஞ்ஞான சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாலைநிலத்துப் பெதூயின் மக்கள் கறுப்பு அங்கி அணிவது ஏன் என்பதே அதன் கேள்வி. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை வாங்குகிறதுதான், ஆனால் அங்கி தளர்வாக இருப்பதால் உள்ளே காற்று ஓடி அந்த மேலதிக வெப்பம் தோலை வந்து சேரும் முன்பே வெளியேறிவிடுகிறது என்று கண்டார்கள். இங்கே விடை நிறத்தில் இல்லை, தளர்விலும் காற்றிலும் இருக்கிறது. நம் சீருடை வெள்ளை, அது நல்லதுதான். குறை துணியில். கழுவினால் உடனே காயும், இஸ்திரி போடத் தேவையில்லை என்று பொலியெஸ்டர் துணியை வாங்குகிறோம். அது வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர் காற்றும் பாலைநிலத்துக் காற்றுப்போல எப்போதும் உலர்ந்ததல்ல. பருத்தி கலந்த மெல்லிய துணியில், கையிலும் கழுத்திலும் சற்றுத் தளர்வாகத் தைத்தால் மறைவும் குறையாது, உடலும் மூச்சு விடும். தையற்கார ராத்தாமாருக்கு இது தெரியும். நாம்தான் இறுக்கமாகத் தைக்கச் சொல்கிறோம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. காலைக் கூட்டத்திலோ மைதானத்திலோ ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் என்ன நடக்கிறது? இருபது பேர் சூழ்ந்து நின்று காற்றை மறைக்கிறார்கள். பர்தாவைத் தளர்த்தலாமா, யாராவது ஆண்கள் இருக்கிறார்களா என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் போகும் நிமிடங்கள் பெறுமதியானவை. செய்ய வேண்டியது இதுதான். நான்கு பேர் தூக்கி நிழலான அறைக்குக் கொண்டு போங்கள். இரண்டு பேர் ஒரு சேலையையோ போர்வையையோ விரித்துப் பிடித்து மறையுங்கள். பர்தாவைக் கழற்றி, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கழுத்திலும் கமுக்கட்டிலும் நனைத்த துணியை வைத்து விசிறுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் குடிக்கக் கொடுங்கள். ஜீவனி கரைசல் இருந்தால் மிக நல்லது. பேச்சுக் குழறினாலோ, யார் எவர் என்று தெரியாமல் விழித்தாலோ, உடல் நெருப்பாகக் கொதித்தாலோ அது வெறும் மயக்கமல்ல. வெப்பத்தாக்கம் உயிரை எடுக்கக் கூடியது. வாயில் எதையும் ஊற்றாமல், உடலை நனைத்துக்கொண்டே 1990 சுவசெரிய வண்டியை அழையுங்கள். இதை ஒவ்வொரு வகுப்பிலும் நான்கு மாணவியருக்காவது செய்து காட்டிப் பழக்க வேண்டும்.

பாடசாலையைப் பற்றி இவ்வளவும் எழுதியாயிற்று. வீட்டில் உம்மாவை விட்டுவிட்டால் அது பெரிய துரோகம். நம் வீடுகளில் மிகவும் சூடான அறை எது என்று கேட்டால் எல்லோருக்கும் விடை தெரியும். முன் விறாந்தைக்கு ஓடு, மண்டபத்துக்கு மின்விசிறி, குசினிக்குத் தகரம். அதுவும் பெரும்பாலும் வீட்டின் பின்புறம், மதிலோடு ஒட்டி. பத்து மணிக்கு அடுப்பை மூட்டி, பகல் பன்னிரண்டரைக்குச் சுடச்சுடச் சோறு கறி இறக்கிவைக்க வேண்டும் என்பது யார் போட்ட விதியோ தெரியாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றபோது ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருக்க முடியாமல் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். உம்மாமார் குசினியிலேதான் நின்றார்கள். அவர்களுக்கு மின்விசிறி நின்றதே தெரிந்திருக்காது. அங்கே அது எப்போதுமே இருந்ததில்லை.

சுபஹுக்குப் பிறகு சமைத்து வைத்துவிடலாம். கச்சான் மாதங்களிலாவது பகலுக்குத் தயிர்ச்சோறு, மோர், வெள்ளரி, வத்தகப்பழம் என்று அடுப்பு ஏறாத சாப்பாடு இரண்டு நாளைக்கு ஒருமுறை வைக்கலாம். சாப்பிடும் நாங்கள் முகத்தைச் சுளிக்காமல் இருந்தால் போதும். குசினித் தகரத்தின் மேல் கிடுகை விரிக்கலாம், அல்லது ஒரு கொடித்தோடையைப் படரவிடலாம்.

என் வாப்பா மேசன் வேலை செய்கிறவர். காற்று ஏன் ஊருக்குள் வருவதில்லை என்பதற்கு அவர் சொல்லும் காரணம் மதில். முன்பு கிடுகு வேலிதான். மறைவும் இருந்தது, காற்றும் நுழைந்தது. இப்போது வளவைச் சுற்றி ஆறடி, ஏழடி சீமெந்து மதில். பெண்கள் உள்ள வீடு என்பதால் இன்னும் ஓர் அடி உயரம். பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு இரவு முழுக்க அதை நம்மேல் ஊதுகிறது அந்த மதில். அதைக் கட்டுவதற்கு இடம் வேண்டி வேம்பும் பூவரசும் வெட்டப்பட்டன. மட்டக்களப்புக்குப் போகும்போது காத்தான்குடி வீதியின் நடுவில் நிற்கும் பேரீத்த மரங்களைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். அழகான காட்சிதான். ஆனால் பன்னிரண்டு மணிக்கு அதன் கீழ் ஒரு பூனைகூடப் படுக்க முடியாது. நமக்கு வேண்டியது பாடசாலை வாசலிலிருந்து சந்தி வரையாவது நிழல் தரும் மரம்: வேம்பு, வாகை, பூவரசு.

மதிலை இடிக்கச் சொல்லவில்லை. கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஆகவே மேற்கே மரத்தை வைத்து, கிழக்கு மதிலைத் திறக்க வேண்டும் என்பது வாப்பாவின் கணக்கு. சென்ற வருடம் எங்கள் வீட்டின் கடல் பக்கத்து மதிலில் நான்கு வரிசைக் கல்லை எடுத்துவிட்டு, சரிவாகத் துளை வைத்த கற்களைப் பதித்தார். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. அஸருக்குப் பிறகு குசினி வரைக்கும் காற்று வருகிறது. உம்மா அந்தப் பக்கம் ஒரு வாங்கைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து மரக்கறி வெட்டுகிறார். பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வந்து, வெளியே நின்று ஒரு முறையும் உள்ளே நின்று ஒரு முறையும் எட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகு, கல் ஒன்று எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் போனார்.